ஹெரால்டு மார்க் 2 கிளட்ச்: தொப்பூர் ஏத்தத்துல ஸ்லிப், காலைல ரிவர்ஸ் விழும்போது கறகறங்குது. இன்ஜின் இறக்கித்தான் ஆகணுமா?

பென்னாகரம் ஹெரால்டு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 2 இருக்கு, ரெண்டு டோரு, 948 சிசி. அப்பா 1979ல சேலத்துல செகண்ட் ஹேண்டா வாங்கினது. நான் சின்னப் பையனா இருக்கும்போது ஞாயித்துக்கிழமை ஆனா ஒகேனக்கல்லுக்கு அதுலதான் போவோம், அம்மா முன்னாடி, நாங்க மூணு பேரு பின்னாடி. அப்புறம் பதினெட்டு வருசம் கொட்டாய்லயே நின்னுடுச்சு. அப்பாவுக்கு இப்ப 76. போன வருசம் திடீர்னு "அந்த வண்டிய ஒரு தடவ ஓட்டிப் பாக்கணும்டா"ன்னாரு, அன்னிலிருந்து நான் இதுலயே கெடக்கறேன்.

டேங்க் கழுவி, கார்புரேட்டர் பிரிச்சு, பிரேக் முழுசா புதுசு பண்ணி, இன்ஜின் நல்லாவே ஓடுது. பிரச்சினை கிளட்ச். ரெண்டு விதமா தொல்ல பண்ணுது, அதான் எனக்குப் புரியல. ஒண்ணு, காலைல ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டா கறகறன்னு கத்துது, பெடல ரெண்டு மூணு தடவ பம்ப் அடிச்சாதான் உள்ள விழுது. ரெண்டு, போன வாரம் சேலம் போயிட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏத்தத்துல மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏறல, கருகின வாசன வேற. ஓரங்கட்டி கால் மணி நேரம் நின்னோம். அதுக்கப்புறம் என்னமோ ஒழுங்கா வந்துடுச்சு.

கிளட்ச் சரியா விடலன்னா (அதாவது இன்ஜின கியர் பாக்ஸ்ல இருந்து பிரிக்கலன்னா) ஸ்லிப் ஆகக்கூடாது இல்ல? ஸ்லிப் ஆச்சுன்னா விடறதுல பிரச்சினை இருக்கக்கூடாது இல்ல? ரெண்டும் ஒரே வண்டில எப்படி வரும்?

இங்க ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். இன்ஜின் இறக்கணும், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் மாத்தணும், சாமான் கெடைக்காது, வேணும்னா வேற வண்டி செட்டு அடிச்சி உக்கார வெக்கலாம்னாரு. அடிச்சி உக்கார வெக்கறதுன்னு கேட்டதும் எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. கை வெக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஸ்பானர் புடிக்கத் தெரியும், பொறுமையும் இருக்கு, அவசரம் ஒண்ணும் இல்ல.

ஓசூர் பிட்டர்:

தம்பி, மொதல்ல அந்த வண்டிய வித்துத் தொலைக்காம வெச்சிருக்கீங்க பாருங்க, அதுக்கே சந்தோசம். நான் ஓசூர் சிப்காட்ல டூல் ரூம்ல முப்பது வருசம் இருந்தவன், எங்க வீட்லயும் ஹெரால்டு இருந்துச்சு. மெட்ராஸ்ல பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து பண்ணின வண்டி. இங்கிலாந்துல ட்ரையம்ப் ஹெரால்டு, அதே சேஸிஸ் ஐடியாவ சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் கார் 1962ல பண்ணாங்க, இன்ஜினும் அதே குடும்பம். அதனால ஸ்பிட்ஃபயர்காரங்க கிளட்ச்சப் பத்தி எழுதி வெச்சதுல முக்காவாசி உங்க வண்டிக்கும் பொருந்தும்.

உங்க கேள்விக்கு வரேன். விடவும் மாட்டேங்குது, புடிக்கவும் மாட்டேங்குதுன்னா நான் மொதல்ல சந்தேகப்படறது பிளேட்ட இல்ல, ஓஸ். பெடல் தள்ளற மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து வர்ற பைப்புக்கும் கியர் பாக்ஸ்ல கிளட்ச்ச தள்ளற ஸ்லேவ் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு ரப்பர் ஓஸ் இருக்கும். பல வருசம் ஆன ஓஸ் வெளில பாத்தா நல்லா இருக்கும், உள்ள ரப்பர் உப்பி ஓட்டை ஊசித் தொளை ஆயிடும். மிதிக்கும்போது கிளட்ச் ஆயில் மெதுவாத்தான் போகும், அதனால கிளட்ச் முழுசா விடல, ரிவர்ஸ் கத்துது, பம்ப் அடிச்சா விழுது. கால எடுத்ததும் ஆயில் திரும்பி வரவும் மெதுவாத்தான் வரும், ரிலீஸ் பேரிங் இன்னும் பிங்கர (பிரஷர் பிளேட்ட இழுத்து விடற நெம்புகோல்) அமுக்கிகிட்டே நிக்கும், அதனால ஸ்லிப். ஏத்தத்துல நீங்க அடிக்கடி கியர் மாத்தியிருப்பீங்க, அதான் அங்க வந்துச்சு, கால் மணி நேரம் நின்னதும் ஆயில் வடிஞ்சு திரும்பிடுச்சு, சரியாயிடுச்சு. நீங்க சொன்ன கதை அப்படியே ஒத்து வருது.

இதே மாதிரி இன்னொண்ணும் பண்ணும். மாஸ்டர் சிலிண்டர் ராடுல துளி கூட ஆட்டம் இல்லன்னா பிஸ்டன் முழுசா பின்னாடி வராது, ஆயில் டப்பாவுக்குத் திரும்பற வழி தொறக்காது. பெடல விரல்ல தள்ளிப் பாருங்க, மொதல்ல கொஞ்சம் சும்மா போயி அப்புறம்தான் பிஸ்டன் தட்டுப்படணும்.

இதுக்கு ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட் இருக்கு. ஒருத்தர பெடல் மிதிக்கச் சொல்லிட்டு நீங்க வண்டிக்கு அடில படுத்து ஸ்லேவ் ராடு எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாருங்க. அரை இன்ச் கிட்ட நகரணும். கால எடுத்ததும் ராடு டக்குனு திரும்புதா, இழுத்து இழுத்துத் திரும்புதான்னும் பாருங்க. வண்டிக்கு அடில போறதுக்கு முன்னாடி வீலுக்கு கட்டை போட்டு, ஸ்டாண்டு வெச்சுட்டுப் போங்க, ஜாக்கிய மட்டும் நம்பி எந்தக் காலத்துலயும் படுக்காதீங்க.

இப்ப முக்கியமான விசயம். இத யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா இந்த இன்ஜினுக்கு உசுரு மாதிரி. முன்னாடி கிராங்க் புல்லிய (இன்ஜின் மெயின் ஷாஃப்ட் நுனில இருக்கற சக்கரம்) பாத்துகிட்டே இன்னொருத்தர கிளட்ச் மிதிக்கச் சொல்லுங்க. புல்லி முன்னாடி நகருதா? கண்ணுக்குத் தெரியற அளவு நகந்துச்சுன்னா வண்டிய அதுக்கப்புறம் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. இந்த இன்ஜின்ல கிராங்க் முன்னப் பின்ன போகாம தடுக்கறது பின் மெயின் பேரிங்ல இருக்கற ரெண்டே ரெண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷருங்க. கிளட்ச் மிதிக்கற ஒவ்வொரு தடவையும் அந்த முழு பாரமும் அது மேலதான். தேஞ்சு மெலிசானா நழுவி சேம்பர்ல (இன்ஜினுக்கு அடில இருக்கற ஆயில் தொட்டி) விழுந்துடும், அப்புறம் கிராங்க் நேரா பிளாக்க தேய்க்கும், பிளாக்கே போயிடும். இருக்க வேண்டிய ஆட்டம் 0.1ல இருந்து 0.2 மில்லிமீட்டர் வரைக்கும்தான், டயல் கேஜ் வெச்சு அளக்கணும். பாவம், எத்தனையோ பேரு புது கிளட்ச் போட்டும் சரியா விடலன்னு திரும்பத் திரும்பப் பிரிப்பாங்க, கிராங்க்கே முன்னாடி ஓடிப் போறது அவங்களுக்குத் தெரியாது. பேரிங் ஒரு பக்கம் தள்ளுது, கிளட்ச்சே அந்தப் பக்கம் நகந்தா எங்க விடும்?

காவேரிப்பட்டணம் மார்க் 3:

அண்ணா வணக்கம், என்கிட்ட நாலு டோர் மார்க் 3 இருக்கு (1968ல வந்த மாடல், நம்ம ஊர்ல மட்டும்தான் ஹெரால்டுக்கு நாலு டோர் வெச்சாங்க). ரெண்டு வருசம் முன்னாடி எங்க மாந்தோப்பு ஷெட்லயே நானும் என் மச்சானும் சேந்து கிளட்ச் பண்ணோம். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இன்ஜின் இறக்க வேண்டாம். கியர் பாக்ஸ் வண்டிக்கு உள்ள இருந்தே வெளில வரும்! இது தெரியாமதான் பாதி பேரு இன்ஜின தூக்கி பானெட், ரேடியேட்டர் எல்லாத்தையும் கெடுத்துக்கறாங்க.

பேட்டரி வயர் கழட்டிட்டு முன் சீட்டு ரெண்டையும் எடுத்துடுங்க, மேட்ட சுருட்டிடுங்க, டேஷ்போர்டுக்கு நடுவுல கீழ வர்ற சப்போர்ட் பிராக்கெட்ட கழட்டுங்க, அப்புறம் நடுவுல கியர் பாக்ஸ மூடியிருக்கற கவரு. எங்க வண்டில அது அட்டை, தொட்டா உதிர்ந்துச்சு, ஸ்க்ரூ எல்லாம் துரு, ராத்திரியே ஆயில் விட்டு ஊற வெச்சுட்டா காலைல அழாம வரும். கவரு போனதும் கியர் பாக்ஸ் மொத்தமும் கண்ணு முன்னாடி. ஸ்பீடா மீட்டர் கேபிள், பின்னாடி ஷாஃப்ட் ஃப்ளாஞ்ச்ல நாலு நட்டு போல்ட்டு (பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வெச்சுடுங்க, திரும்ப அதே மாதிரி உக்காரணும்), ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்லேவ் சிலிண்டர், சைலன்சர் பைப் கிளாம்ப், கியர் பாக்ஸ் மவுண்டிங். ஸ்லேவ் சிலிண்டர ஓஸோட அப்படியே உருவி ஓரமா கட்டி வெச்சுக்கலாம், அப்ப யாரும் பெடல மிதிச்சுடாம பாத்துக்கங்க, பிஸ்டன் வெளில வந்து விழுந்துடும். எங்க வீட்டுப் பசங்க மிதிச்சு வெச்சாங்க. கியர் லீவரோட மேல் மூடியையும் கழட்டினாதான் உள்ள திருப்ப எடம் கெடைக்கும், தொறந்த வாய்ல சுத்தமான துணி வெச்சு கட்டிடுங்க, ஒரு வாஷர் உள்ள விழுந்தாலும் தேடி மாளாது.

இன்ஜினுக்கு அடில சேம்பர்ல பலகை வெச்சு ஜாக்கி குடுங்க, ஏன்னா கியர் பாக்ஸ் போனதும் இன்ஜின் பின்பக்கம் தொங்கிடும். பெல் ஹவுசிங் (கிளட்ச்ச மூடியிருக்கற கூடு) சுத்தி இருக்கற போல்ட்டு எல்லாம் எடுத்துட்டு நேரா பின்னாடி இழுக்கணும், பாதில தொங்க விடக்கூடாது, அந்த பாரம் பூரா பிளேட்டோட நடு ஹப்புல உக்காந்து வளைஞ்சுடும். ஒருத்தர் சீட்டு எடத்துல குந்திகிட்டு, இன்னொருத்தர் பக்கத்துல நின்னு, ரெண்டு பேரும் சேந்து பயணிகள் பக்கக் கதவு வழியா தூக்கிடலாம். எங்களுக்கு காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்சு மதியம் சாப்பாட்டுக்குள்ள வெளில வந்துடுச்சு.

ஸ்பானர் விசயம் மறந்துடாதீங்க. எல்லாம் இன்ச் சைஸ் போல்ட்டு, யுஎன்எஃப் மரை. அரை இன்ச் தலைக்கு 13 மில்லி ஸ்பானர் கிட்டத்தட்ட போகும், ஆனா அரை இன்ச்னா 12.7தான், டைட்டா இருக்கற போல்ட்டுல அந்த இடைவெளியிலயே வழுக்கி தலை உருண்டையாயிடும். இன்ச் ஸ்பானர் செட்டு பழசா கெடைக்கும், வாங்கிடுங்க.

ஸ்பிட்ஃபயர் ஆசை:

நானும் ஓசூர்தான். எல்லாம் பிரிக்கறீங்க இல்ல, அப்படியே டயாஃப்ரம் கிளட்ச்சுக்கு மாறிடுங்க ப்ரோ. ஸ்பிட்ஃபயர்லயே மார்க் 2ல இருந்து காயில் ஸ்பிரிங்க விட்டுட்டு டயாஃப்ரம்தான். பெடல் லேசா இருக்கும், பிங்கர் அட்ஜஸ்ட்மென்ட்டே இல்ல, தட்டு மாதிரி ஒரே ஸ்பிரிங். இங்கிலாந்துல இருந்து பார்சல்ல வரும். பழசையே கட்டி அழறதுக்கு ஒரு தடவ செலவு பண்ணிட்டா முடிஞ்சுது.

பைபாஸ் பட்டறை:

நான் கிருஷ்ணகிரில லாரி பட்டறை வெச்சினு இருக்கேன், இருவத்தாறு வருசம். காரு அதிகம் பாக்கறதில்ல, ஆனா காயில் ஸ்பிரிங் பிரஷர் பிளேட்டு எனக்கு சோறு மாதிரி. டயாஃப்ரம் நல்லதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா மேல சொன்ன தம்பிக்கு ஒண்ணு, பிரஷர் பிளேட் கவர மட்டும் வாங்கினு வந்து மாட்ட முடியாது, ஃப்ளைவீலும் (கிளட்ச் உக்கார்ற இன்ஜின் சக்கரம்) சேத்து செட்டா வரணும். பார்சல் காசு, கஸ்டம்ஸு, அப்பறம் ஏதாவது ஒண்ணு தப்பா வந்துச்சுன்னா திருப்பி அனுப்பறது. இவரு வண்டி மாசத்துக்கு ரெண்டு தடவ ஓடப் போவுது. இருக்கற செட்டையே ஒழுங்கா பண்ணா இன்னும் இருவது வருசம் வரும். அதுக்கு ஆளு நம்ம ஊர்லயே இருக்காங்க, இந்த வேலை தெரிஞ்ச கையிங்க நம்ம மாவட்டத்துல இருக்கற மாதிரி எங்கயும் இல்லன்னு நான் சத்தியமா நம்பறேன்.

பிரிக்கற முறை சொல்றேன், கவனமா கேளுங்க. கவரு ஃப்ளைவீல்ல இருக்கும்போதே ரெண்டுத்துக்கும் சேத்து பஞ்ச்சுல ஒரு புள்ளி அடிச்சிடுங்க. பேலன்ஸ் பண்ணி வந்த சாமான், அதே எடத்துல திரும்ப உக்காரணும். போல்ட்டு ஆறையும் எதிரும் புதிருமா அரை அரை திருப்பு லூஸ் பண்ணுங்க. ஒரு பக்கமா கழட்டினா கவரு கோணிக்கும்.

கீழ எறக்கினதும் அந்தப் பிரஷர் பிளேட்ட சும்மா நட்டக் கழட்டிப் பிரிச்சிடாதீங்க. உள்ள ஸ்பிரிங் எல்லாம் அமுங்கினு இருக்கு, மூஞ்சிக்கு வரும். எங்க பட்டறைல ஒரு பையன் பல்லு போச்சி, அதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன். பிரஸ்ல வெச்சி, மேல ஒரு கட்டைய குறுக்க போட்டு கவர அமுக்கிட்டு, அப்பறம் மூணு பிங்கர் நட்டையும் கழட்டி, பிரஸ்ஸ மெதுவா விடணும். அதுக்கு முன்னாடி கவரு, பிளேட்டு, பிங்கர் எல்லாத்துக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு புள்ளி போட்டுக்குங்க. எது எங்க இருந்துச்சோ அங்கயேதான் போவணும்.

ஸ்பிரிங்க எல்லாத்தையும் ஒரு கண்ணாடி மேல வரிசையா நிக்க வெச்சி பாருங்க. ஒண்ணு குள்ளமா இருந்தா, இல்ல நீலம் ஓடியிருந்தா செட்டு மொத்தமும் மாத்தணும், ஒண்ணு மட்டும் மாத்தினா பிளேட்டு சாஞ்சி புடிக்கும், கிளம்பும்போது வண்டி உதறும். பிங்கர் நுனி பேரிங் பட்டு குழி விழுந்திருக்கான்னு பாக்கணும், பிங்கர் பின்னுங்க தேஞ்சிருக்கான்னு பாக்கணும். திரும்பப் பூட்டினதும் மூணு பிங்கரும் ஒரே உயரத்துல நிக்கணும். அதுக்கு ஃப்ளைவீல் மேல புது பிளேட்ட வெச்சி கவர பூட்டி டெப்த் கேஜ்ல அளந்து அளந்து நட்ட திருப்பணும், நடுவுல நடுவுல பெடல் மிதிக்கற மாதிரி பிங்கர பத்து தடவ அமுக்கி விட்டுட்டு திரும்ப அளக்கணும், அப்பதான் எல்லாம் உக்காரும். சரியா வந்ததும் நட்டுக்கு பஞ்ச் அடிச்சி லாக் பண்ணணும். இதுல அவசரப்பட்டா அப்பறம் கிளட்ச் விடும்போது திக்கித் திக்கி விடும், எத்தன பிளேட்டு மாத்தினாலும் போவாது.

பிளேட்டு ரீலைனிங் (தேஞ்ச லைனிங்க மாத்தறது) பண்ணிக்கலாம், ஆறே கால் இன்ச் பிளேட்டு, லைனிங் வெட்டிக் குடுப்பாங்க. ஆனா ஹப்பு ஸ்ப்ளைன் (நடு ஓட்டைல இருக்கற பல்லு) தேஞ்சிருந்தா, டேம்பர் ஸ்பிரிங் ஆடினா ரீலைனிங் காசு வேஸ்ட்டு. ரிவெட்டு தலை லைனிங்குக்குள்ள பதிஞ்சி நிக்கணும், மேல தெரிஞ்சா ஃப்ளைவீல கோடு கோடா கீறிடும். ஃப்ளைவீல் மொகத்துல நீலத் திட்டு, மயிரு மாதிரி வெடிப்பு இருந்தா லேத்துல ஒரு லேசான கடைசல். ஆழமா எடுக்க விடாதீங்க.

இன்னொண்ணு. உள்ள இருக்கற கிளட்ச் தூள காத்து அடிச்சி பறக்க விடாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நெஞ்சுல போயி உக்காந்தா வெளில வராது. நாங்க சின்ன வயசுல தெரியாம வாயால ஊதினோம். தண்ணி தெளிச்சி, ஈரத் துணில தொடச்சி, அந்தத் துணிய கவர்ல கட்டிப் போடுங்க.

ஸ்பிட்ஃபயர் ஆசை:

அண்ணா சொல்றது சரிதான், ஃப்ளைவீலும் மாத்தணும்ங்கறத நான் யோசிக்கல. நான் என் கேள்விக்கு இதுலயே விடை தேடிட்டு இருந்தேன், பெங்களூர்ல ஒரு எம்ஜிபி (அதுவும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) பாத்து வெச்சிருக்கேன், அதுல கிளட்ச் போச்சுன்னா இன்ஜின் இறக்காம முடியாதாமே?

ஓசூர் பிட்டர்:

ஆமா தம்பி, எம்ஜிபில கியர் பாக்ஸ தனியா வெளில எடுக்க வழி இல்ல, இன்ஜின் முன்னாடி வந்துதான் ஆகணும். அதுல ரிலீஸ் பேரிங்கும் பால் பேரிங் இல்ல, கார்பன் வளையம். கால பெடல் மேலயே வெச்சு ஓட்டறவங்களுக்கு சீக்கிரம் தேஞ்சுடும். வாங்கறதுக்கு முன்னாடி பெடல் மேல இருக்கற பின்னையும் அந்த ஓட்டையையும் பாருங்க, முட்டை மாதிரி நீண்டிருக்கும். அந்த ஒரு மில்லி தேய்மானம் பெடல் பேட்ல அஞ்சாறு மில்லி ஆயிடும், அதையே நெறைய பேரு கிளட்ச் போச்சுன்னு நெனச்சு இன்ஜின இறக்கிடறாங்க.

ஹெரால்டுக்காரரே, இதே பின் உங்க வண்டிலயும் இருக்கு, பாத்தீங்களா? கணக்குப் போட்டுப் பாருங்க. பெடல் பின்ல கொஞ்சம், மாஸ்டர்ல கொஞ்சம், ஓஸ் உப்பறதுல கொஞ்சம், பெல் ஹவுசிங்குள்ள ரிலீஸ் ஃபோர்க் பின்ல கொஞ்சம், கிராங்க் ஆட்டத்துல கொஞ்சம். கால்ல மிதிக்கறது அஞ்சு இன்ச், பேரிங்குக்குப் போய்ச் சேர்றது ரொம்பக் கம்மி. ஒவ்வொரு மூட்டுலயும் திருட்டு. பிளேட்ட மட்டும் மாத்திட்டு இந்த மூட்டுங்கள அப்படியே விட்டா திரும்ப அதே கத்தல்தான்.

பென்னாகரம் ஹெரால்டு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பத்து நாள் ஆச்சு, பாத்தத சொல்றேன்.

ஸ்லேவ் ராடு நகர்றது 7 மில்லிதான் இருந்துச்சு. கால எடுத்தா ராடு திரும்ப நாலஞ்சு செகண்டு ஆச்சு, என் மனைவி பெடல் மிதிச்சாங்க, நான் அடில படுத்து செகண்டு எண்ணினேன். ஓஸக் கழட்டி ஊதிப் பாத்தேன், காத்தே போகல! நறுக்கிப் பாத்தா உள்ள ஒரு கம்பி நுழையற தொளைதான் இருக்கு. பிட்டர் சார் எங்கயோ ஓசூர்ல உக்காந்துகிட்டு இத சொன்னாரு.

பெடல் பின்னும் முட்டைதான். ஓட்டையக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு புஷ் போட்டு புதுப் பின் பண்ணிட்டோம், தருமபுரில ஒரு லேத்துல. மாஸ்டர், ஸ்லேவ் ரெண்டுக்கும் ரப்பர் கிட்டு மாத்தினேன், ஸ்லேவ் உள்ள துருக் குழி இருந்ததால அத மட்டும் ஸ்லீவ் போட்டுட்டேன். ராடு இப்ப 13 மில்லி நகருது, டக்குனு திரும்புது.

ஆனா கிராங்க் புல்லி. என் பையன் டார்ச் புடிச்சுகிட்டு "அப்பா, நகருதுப்பா"ன்னான். எனக்குக் கையே ஆடல. டயல் கேஜ் வாங்கி அளந்தா 0.45 மில்லிமீட்டர். அதனால கியர் பாக்ஸயும் இறக்கிட்டேன், சேம்பரையும் கழட்டப் போறேன். த்ரஸ்ட் வாஷர் போடறதுக்கு இன்ஜின் வெளில வரணுமா சார்? பிளேட்டப் பாத்தேன், லைனிங் ரிவெட்டுக்கு மேல அரை மில்லி கூட இல்ல, ஒரு ஓரம் கருகியிருக்கு. கொஞ்சம் எண்ணெயும் பட்டிருக்கு, அது இன்ஜின் எண்ணெயா கியர் எண்ணெயான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

ஓசூர் பிட்டர்:

0.45ஆ! நல்ல வேளை தம்பி, நல்ல வேளை. வாஷர் இன்னும் விழல, இல்லன்னா இதவிட அதிகம் காட்டியிருக்கும். இன்ஜின் வெளில வர வேண்டாம். சேம்பர் கழட்டி, பின் மெயின் பேரிங் மூடிய எடுத்துட்டு, கிராங்க ஒரு பக்கமாத் தள்ளி, மெலிசா ஒரு மூங்கில் குச்சில வாஷர சுத்தித் தள்ளினா வெளில வரும். புதுச ஆயில் தடவி அதே வழியா உள்ள விடுங்க. பள்ளம் வெட்டின மொகம் கிராங்க் பக்கம் பாக்கணும், திருப்பிப் போட்டா ஒரு மாசம் தாங்காது. இத ரெண்டு தடவ பாத்துட்டு மூடுங்க. சாதாரண வாஷர் போட்டும் ஆட்டம் 0.2க்கு மேல நின்னா ஓவர் சைஸ் வாஷர் கெடைக்குது, ஒரு பக்கம் அதப் போட்டு அளந்து பாருங்க.

எண்ணெய்க்கு மூக்குதான். கியர் ஆயில்ல கந்தக வாசன தூக்கலா இருக்கும், விரல்ல தேச்சா கெட்டியா இழுக்கும். இன்ஜின் ஆயில் கறுப்பா, மெல்லிசா இருக்கும். ஃப்ளைவீலுக்குப் பின்னாடி வழிஞ்சிருந்தா இன்ஜின், பெல் ஹவுசிங் உள்ள ஷாஃப்ட் பக்கம் ஈரமா இருந்தா கியர் பாக்ஸ்.

தொறந்துதானே இருக்கு, கிராங்க் நடுவுல இருக்கற ஸ்பிகாட் புஷ்ஷயும் (கியர் பாக்ஸ் ஷாஃப்ட் நுனி உக்கார்ற வளையம்) மாத்திடுங்க. அத எடுக்க ஒரு நல்ல வழி. ஓட்டை நெறைய கிரீஸ் அடைச்சு, அந்த ஓட்டைக்கு சரியா போற ஒரு ராடு வெச்சு சுத்தியால தட்டுங்க, கிரீஸ் பின்னாடி போயி புஷ்ஷ தானா வெளில தள்ளும். புது புஷ்ஷ ஒரு ராத்திரி இன்ஜின் ஆயில்ல ஊற வெச்சு அடிங்க. ரிலீஸ் பேரிங்க மண்ணெண்ணெய்ல போட்டுக் கழுவிடாதீங்க, உள்ள அடைச்ச கிரீஸ் கரைஞ்சா அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் மார்க் 3:

அண்ணா பெல் ஹவுசிங்குள்ள அந்த ரிலீஸ் ஃபோர்க் பின்ன மறக்காம பாருங்க, எங்களுதுல தேஞ்சு ஒரு பக்கம் பாதியா இருந்துச்சு, அது வெளில நழுவினா நடுரோட்ல நிக்க வேண்டியதுதான். பிளேட்டு நடுவுல நிக்க வெக்க பழைய கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் ஒண்ணு என்கிட்ட இருக்கு, கிருஷ்ணகிரி பஸ்ல குடுத்து அனுப்பறேன், வேல முடிஞ்சதும் திருப்பி அனுப்புங்க. அது இல்லாம கண்ணளவுல பூட்டினா கியர் பாக்ஸ் உள்ள போகவே போகாது, நாங்க ரெண்டு மணி நேரம் அதோட மல்லுக்கட்டினோம். பிளேட்டுல ஹப்பு நீளமா இருக்கற பக்கம் கியர் பாக்ஸ் பாத்து இருக்கணும்.

கியர் ஆயில் ஊத்தும்போது ஜிஎல் 4 கேட்டு வாங்குங்க, 90 நம்பர். ஜிஎல் 5 தான் எல்லா கடைலயும் நீட்டுவாங்க, அது உள்ள இருக்கற பித்தளை சாமானுக்கு ஆகாது.

பென்னாகரம் ஹெரால்டு:

கடைசியா ஒரு தகவல். நேத்து முடிச்சோம்.

கிராங்க் ஆட்டம் இப்ப 0.15. பிரஷர் பிளேட்ட கிருஷ்ணகிரி அண்ணன் பட்டறைக்கே எடுத்துட்டுப் போனேன், லாரி வேலய நிறுத்திட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்து பிங்கர் அளந்து குடுத்தாரு, காசு வாங்கவே மாட்டேன்னுட்டாரு, வீட்டுக்குக் கொஞ்சம் வெல்லமும் தேங்காயும் குடுத்துட்டு வந்தேன். ஸ்பிரிங் எல்லாம் ஒரே உயரம், ஒண்ணு கூட மாத்தல. எண்ணெய் கியர் பாக்ஸ் பக்கம் இருந்துதான், முன் கவர் கேஸ்கெட் காஞ்சு போயிருந்துச்சு, புதுசு வெட்டிப் போட்டாச்சு. ஃபோர்க் பின்னும் தேய்மானம், லேத்துல புதுசு. ஷாஃப்ட்ட பஸ்லயே திருப்பி அனுப்பிட்டேன் தம்பி, கூட ஒரு கூடை தக்காளி இருக்கும், பாத்துக்கங்க.

காலைல அப்பா உக்காந்தாரு. கிளட்ச்ச மிதிச்சு ரிவர்ஸ் போட்டாரு, சத்தமே இல்லாம விழுந்துச்சு. கொட்டாய்ல இருந்து பின்னாடி எடுத்து ரோட்டுக்கு வந்து, ஒகேனக்கல் ரோட்ல செக்போஸ்ட் வரைக்கும் அவரே ஓட்டிட்டுத் திரும்பினாரு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து எறங்கும்போது "பெடல் கொஞ்சம் கெட்டியா இருக்கு, பழகிடும்"ன்னு மட்டும் சொன்னாரு.

ஒரே ஒரு சந்தேகம். ஸ்டார்ட் பண்ணும்போது கிளட்ச்ச மிதிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

ஓசூர் பிட்டர்:

மிதிக்காதீங்க தம்பி. நியூட்ரல்ல போட்டு, கிளட்ச்ச தொடாம ஸ்டார்ட் பண்ணுங்க. ராத்திரி பூரா நின்ன வண்டில த்ரஸ்ட் வாஷர்ல ஆயில் இருக்காது, மிதிச்சுகிட்டு ஸ்டார்ட் பண்ணா காஞ்ச வாஷர் மேல முழு பாரமும் விழும். ஆயில் லைட் அணைஞ்ச பிறகு மிதிங்க. சிக்னல்லயும் நியூட்ரல் போட்டுட்டு கால எடுத்துடுங்க. அப்பாகிட்ட சொல்லிடுங்க.

பென்னாகரம் ஹெரால்டு:

சொல்லிட்டேன் சார். "அது எனக்குத் தெரியும், அந்தக் காலத்துலயே அப்படித்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்"ன்னாரு.